ஈரம் காயாத மீன் சட்டி

எங்கள் சாங்வி வீட்டில் சமையலறையை ஒட்டி, துணி துவைக்கும் மெஷினும் துடைப்பமும் வைக்கிற சின்ன இடம் ஒன்று இருக்கிறது. இந்த மராத்தி ஊரில் அதை ட்ரை பால்கனி என்பார்கள். அங்கே என் அடுப்பு இருந்தது. இப்போது அதே இடத்தில் என் மகனுடைய மின்சாரப் பானை உட்கார்ந்திருக்கிறது. சோறாக்குகிற பானை இல்லை, பிளாஸ்டிக் உருக்குகிற பானை. அது எப்படி அங்கே வந்தது என்பதற்கு வீட்டில் ஒரு கதை சொல்கிறார்கள். அந்தக் கதையில் நான் மறதிக்காரி. நடந்ததை நான் எழுதி வைக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து, கை மெதுவாகத்தான் வரும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

முதலில் அந்த அடுப்பைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் கட்கியில் ஃபேக்டரி வேலையில் இருந்தார். குவார்ட்டர்ஸில்தான் என் காலம் போயிற்று. அவர் போன பிறகு மகனோடு இருக்க வந்தேன். மருமகள் கோயம்புத்தூர்ப் பக்கம், சுத்த சைவம். நான் வந்த புதிதிலேயே மரியாதையாக ஒரு பேச்சுப் பேசினாள். சமையலறைக்குள் மீன் வாடை கூடாது, அத்தைக்கு ஆசையாக இருந்தால் ட்ரை பால்கனியில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். நியாயமான பேச்சு. நானும் சரி என்றேன். அப்படித்தான் ஒற்றை பர்னர் அடுப்பும் சின்ன சிலிண்டரும் அங்கே வந்தன. ஒரு மீன் சட்டி, ஒரு அகப்பை, கழுவ ஒரு நார். அவளுடைய பாத்திரம் வெளியே வராது, என் சட்டி உள்ளே போகாது. பாத்திரம் தேய்க்க வருகிற மராத்திக்கார அம்மாளை நாங்கள் மாவஷி என்று கூப்பிடுவோம். அவளுக்குக்கூட அந்தச் சட்டம் தெரியும்.

வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளானாலும் எனக்குத் தோன்றினால் மீன் வாங்குவேன். பங்கடாவோ ரோகுவோ எது கிடைக்கிறதோ அது. மகனும் சாப்பிடுவான். பால்கனி வாசலில் நின்றுகொண்டே தட்டை நீட்டுவான். இந்த வீட்டில் என் இஷ்டத்துக்கு நான் பற்ற வைத்து, என் இஷ்டத்துக்கு அணைத்தது அந்த ஒரு நெருப்பைத்தான்.

மகனுக்கு ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் உத்தியோகம். நாற்பது வயதுக்கு மேல் அவனுக்கு மீன் பிடிக்கிற பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காரை எடுத்துக்கொண்டு அணைப்பக்கம் போய்விடுவான். மண்புழு கோத்துப் பிடிக்கிறதெல்லாம் அவனுக்கு இளப்பம். பொய் இரை போட்டுத்தான் பிடிக்க வேண்டுமாம். மெத்தென்று ரப்பர் மாதிரி இருக்கும் புழு, வாலை ஆட்டுகிற குஞ்சு மீன், கால் இரண்டும் தொங்குகிற தவளை. கடையில் விற்பதை வாங்கிக்கொண்டிருந்தவன், பிறகு போனில் யாரோ செய்து காட்டுவதைப் பார்த்துத் தானே செய்ய ஆரம்பித்தான்.

அதற்கு ஒரு திரவம் வரும். பார்க்கப் பால் போல வெள்ளையாக இருக்கும். சூடு ஏற்றினால் முதலில் கஞ்சி மாதிரி கெட்டியாகி, அகப்பையைப் பிடித்து இழுக்கும். பயந்து நிறுத்திவிடக் கூடாது. இன்னும் கொஞ்சம் சூடு ஏறினால் இளகி, எண்ணெய் மாதிரி தெளிந்துவிடும். அப்போது சாயமும் ஜிகினாத் தூளும் போட்டுக் கலக்கி, அச்சில் ஊற்றி ஆற விட வேண்டும். ஆறினால் தவளை. நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நாற்றம்தான் தாங்காது. புதுச் செருப்புக் கடைக்கு நெருப்பு வைத்த மாதிரி இருக்கும்.

எந்தப் பாத்திரத்தில் உருக்குவது என்பதுதான் அவனுக்குப் பெரிய பாடாக இருந்தது. முதலில் டீ போடுகிற எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்தான். அடி மெலிந்தது. நடுவில் கஞ்சியாக இருக்கும்போதே ஓரத்தில் தீய்ந்து பழுப்பாகிவிட்டது. வெள்ளைப் புழு வார்க்க நினைத்தவனுக்கு பீடித் துண்டு மாதிரி வந்தது. அந்தப் பாத்திரம் அத்தோடு போயிற்று. இதை உருக்கிய பாத்திரத்தை மறுபடியும் வாயில் வைக்கிற எதற்கும் எடுக்கக் கூடாது என்று அவனே சொல்லித் தூக்கிப் போட்டான். அதாவது அந்த விஷயம் அவனுக்குத் தெரியும். இதைக் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி மைக்ரோவேவுக்குள் வைத்தான். அது ஒழுங்காகத்தான் உருகியது. ஆனால் அன்று சாயங்காலம் மருமகள் அதே மைக்ரோவேவில் பால் சுட வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு அவன் மைக்ரோவேவ் பக்கம் போகவில்லை.

அதற்கப்புறம் கேம்ப் பஜாருக்குப் போய், மூக்கு வைத்து, மரப்பிடி போட்ட அலுமினியப் பாத்திரம் ஒன்று வாங்கி வந்தான். என் அடுப்பைக் கேட்டான். கொடுத்தேன். அடுப்புக்கு வாய் இல்லை, எதை வைத்தாலும் எரியும். அதில் சீக்கிரம் சூடேறியது, அதே வேகத்தில் ஆறியும் போயிற்று. நாலைந்து தவளை ஊற்றுவதற்குள் பாத்திரத்திலேயே உறைய ஆரம்பித்துவிடும். மறுபடியும் அடுப்பு, மறுபடியும் புகை. மறுபடி மறுபடி காய்ச்சினால் நிறம் கெடுகிறது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

அவன் கண் என் பால் பாத்திரத்தின் மேல் விழுந்தது. குவார்ட்டர்ஸிலிருந்து நான் கொண்டு வந்தது, அடி கனத்தது, சூட்டை விடாது. உள்ளே மருமகளும் அதில்தான் பால் காய்ச்சுவாள். அவன் அதைத் தட்டிப் பார்த்து எடுக்கப் போனபோது நான் சத்தம் போட்டேன்.

"மீன் சமாச்சாரம் எதுவும் பால் பாத்திரத்துகிட்ட வரக் கூடாது. மீனுக்குன்னு இருக்கிறது வெளிய இருக்குது. உள்ள கைய வெக்காத."

இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்த வாரமே ஒரு நாள் நான் குழம்பை இறக்கிக் கீழே வைத்திருந்தேன். அடுப்பை அணைத்துச் சற்று நேரமாகியும் சட்டியில் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவன் தட்டோடு நின்றவன் சாப்பிடாமல் அதையே பார்த்தான்.

"இதுல சூடு எவ்ளோ நேரம் நிக்குது பாரும்மா."

"மண்ணுன்னா நிக்கும்."

"ஒரே ஒரு தடவ குடேன்."

"இது வாயில வெக்கிற சட்டிடா. தொடாத."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சட்டி கட்கி பஜாரில், பொங்கல் சமயத்தில் நம் ஆட்கள் லாரியில் கொண்டு வந்து இறக்கியபோது வாங்கியது. கஞ்சித் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பழக்கி, புளி ஏறி, எண்ணெய் ஏறி, உள்ளே கருங்கல் மாதிரி மினுமினுவென்று ஆகியிருந்தது. இன்னொருவர் கைக்கு நான் கொடுத்ததில்லை. மாவஷியைக்கூடக் கழுவ விடமாட்டேன்.

ஜூன் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை மீன் வைத்தேன். இரவு சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, காலையில் கழுவி, பால்கனியில் கவிழ்த்து வைத்தேன். வெயில் இல்லாத நாளில் மண்சட்டி லேசில் காயாது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளுக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை தேஹு ரோட்டில் எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரி பேரனுக்குக் காதுகுத்து. சேலை மாற்றிக்கொண்டு ஆட்டோவில் போய்விட்டேன். மழை என்பதால் மகன் அணைக்குப் போகவில்லை, வீட்டில் இருந்தான்.

சாப்பிட்டு, பேசி, தாம்பூலம் வாங்கிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்ததுமே அந்த நாற்றம். ட்ரை பால்கனியில் என் சட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது. பச்சைப் பிளாஸ்டிக் அடுப்பு மேலும், மெஷின் மேலும், சுவரிலும் தெறித்து அப்படியே உறைந்திருந்தது. சட்டியின் உடைந்த வாயிலிருந்து ஒரு பச்சை நாக்கு தொங்கியது. மருமகள் சோபாவில் உட்கார்ந்து முழங்கையை நீட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு. சட்டியில் நின்ற ஈரம் ஆவியாகிப் படபடவென்று தெறிக்கிற சத்தம் கேட்டு, சிலிண்டரை மூட ஓடியிருக்கிறாள். அவள் கை வைத்த நேரம் சட்டி பிளந்திருக்கிறது. உருகின பிளாஸ்டிக் தோலில் பட்டால் கொதி எண்ணெய் போல வழிந்து போகாது. ஒட்டிக்கொண்டு எரியும்.

அவள் கையைப் பார்க்கப் பக்கத்தில் போனேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுதிருந்தாள்.

"ஏனுங்கத்தை, ஈரச் சட்டினு உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்கதான் எடுத்துக்கச் சொன்னீங்கன்னு இவங்க சொல்றாங்க."

நான் மகனைப் பார்த்தேன். அவன் ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தான். மடித்த சீட்டை மறுபடியும் பிரித்து மடித்தான். என்னைப் பார்க்கவில்லை.

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கத்தியிருக்கலாம். ஏன் கத்தவில்லை என்று பிறகு தேஹு ரோட்டுக்காரி கேட்டாள். கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறவள் முன்னால் புருஷனைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனே சொல்லட்டும், அன்றைக்கு இல்லாவிட்டால் மறுநாள் சொல்வான் என்று நினைத்தேன். நான் பெற்ற பிள்ளை, சொல்லாமலா இருப்பான் என்று இருந்தேன். அந்த நினைப்பில்தான் என் அடுப்பு போயிற்று.

இரண்டொரு நாளில் சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். அடுப்பைத் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பரணில் ஏற்றினார்கள். எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. "உங்க நல்லதுக்குத்தானுங்க அத்தை" என்றாள் மருமகள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளிடம் சொன்னதை அவள் நம்பினாள். கோயம்புத்தூருக்கு அவள் போனில் பேசுவது என் அறைக்குக் கேட்கும். அத்தைக்கு வயதாகிவிட்டது, கழுவின சட்டி எது காய்ந்த சட்டி எது என்று ஞாபகம் இருப்பதில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டுத் தானே மறந்துவிடுகிறார்கள் என்று சொன்னாள். அது எப்படியோ தேஹு ரோடு வரை போயிற்று. அடுத்த விசேஷத்தில் ஒருத்தி என் எதிரில் குனிந்து நின்று, சத்தமாக, குழந்தையிடம் கேட்கிற மாதிரி, தன்னை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டாள். அவள் கல்யாணத்துக்கு முறுக்கு சுற்றியவள் நான்.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் என்னை அழைத்துப் போனார்கள். மருமகளின் யோசனை அது. காரை ஓட்டியது மகன். டாக்டர் இந்தியில் கேட்டார். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், மூன்று சாமான் பேர் சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொண்டு திரும்பச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். எண்ணினேன். மகன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு மறதி இல்லை என்று அந்த அறையில் டாக்டருக்கு முன்னாலேயே தெரிந்த ஒரே ஆள் அவன்தான். ஒன்றும் கோளாறு இல்லை, வயதுக்கு ரொம்ப நன்றாக இருக்கிறார் என்று டாக்டர் சொன்னபோது சிரித்துக் கை குலுக்கினான்.

மருமகள் வீட்டில் இருந்துவிட்டாள், திரும்பி வரும்போதும் காரில் நாங்கள் இருவர் மட்டும். ஔந்த் சிக்னலில் வண்டி நின்றது.

"நான் குடுத்தனாடா?" என்று கேட்டேன்.

அவன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "நீதானம்மா சொன்ன, மீனுக்குன்னு இருக்கிறது வெளிய இருக்குதுன்னு."

"அது உன்ன உள்ள வராதன்னு சொன்னது. சட்டிய எடுன்னு எப்ப சொன்னேன்?"

"அரே மா, விடு. நான்தான் எடுத்தேன்னு சொன்னா இந்த வேலையே வீட்ல வேணாம்னு நிறுத்திடுவா. உன்னன்னா ஒண்ணும் சொல்ல மாட்டா. பெரியவங்க."

சிக்னல் விழுந்தது. வண்டி நகர்ந்தது. அவன் அதைச் சொன்ன விதம்தான் எனக்கு ஆறவில்லை. திட்டம் போட்டுச் செய்த மாதிரி இல்லை. மழை பெய்கிறது, குடை உள்ளவர்கள் நனைய மாட்டார்கள் என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

கொஞ்ச நாளில் அந்த மின்சாரப் பானை பெட்டியில் வந்து இறங்கியது. கனமான அடி, இறுக்கமான மூடி, சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, அடியில் ஒரு குழாய். மேலே ஊற்ற வேண்டாம், சாய்க்க வேண்டாம். குழாயைத் திறந்தால் நேராக அச்சுக்குள் இறங்கும். உள்ளே ஒரு மோட்டார் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருக்கும். கலக்கிக்கொண்டே இருப்பதால் ஓரம் தீய்வதில்லை, திருகின சூடு ஏறுவதும் இல்லை இறங்குவதும் இல்லை. அதை என் அடுப்பு இருந்த மேடையிலேயே வைத்தான். புகையை வெளியே தள்ள ஜன்னலில் ஒரு ஃபேன் போட்டான். மருமகள் முன்னால் நின்று, இனிமேல் பயமே இல்லை, இதில் தப்பு நடக்க வழியே இல்லை என்று விளக்கினான். தப்பு நடந்தது பாத்திரத்தால் என்று அவளுக்குப் பட்டிருக்கும்.

நல்ல பானைதான். குறை சொல்ல மாட்டேன். பாத்திரத்தைப் பார்த்துக் குறை சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. உருக்குகிறவனுக்கு அதுதான் முதலிலேயே வாங்கியிருக்க வேண்டிய பாத்திரம். தண்ணீர் படாமல் காய்ந்திருக்க வேண்டும், சூடு நிற்க வேண்டும், வேறு எதற்கும் அதை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் அதற்கு வேண்டியது. அதை என் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் நானும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

மழை முடிந்து, அணைத் தண்ணீர் தெளிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு திறந்த சத்தம் கேட்டு வெளியே வந்தேன். மகன் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் மீனை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்திருந்தான். அவன் கையால் வார்த்த பச்சைத் தவளையை விழுங்கியதாம். அத்தனை நாள் போய் வந்ததில் வீட்டுக்கு வந்த முதல் மீன் அது. முகமெல்லாம் சிரிப்பு. பத்து வயதில் கிரிக்கெட்டில் ஜெயித்துவிட்டு குவார்ட்டர்ஸ் படியேறி வருவானே, அந்த முகம். ஒரு நிமிடம் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

"அம்மா, குழம்பு வெய்யி."

மருமகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கையில் தழும்பு, ரவிக்கைக் கைக்குக் கீழே பளபளவென்று தெரிந்தது.

"எதுல வெக்கிறது?" என்றேன்.

"நான் போய்ப் புதுச் சட்டி வாங்கிட்டு வரேன். அடுப்பையும் எறக்கித் தரேன்."

"மறதிக்காரி கையில அடுப்பக் குடுக்கலாமா?"

அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"பழைய சட்டிய யாரு எடுத்தாங்கன்னு சொல்லு. புதுசுல வெக்கிறேன்."

பட்டாணி உரிக்கிற சத்தம் நின்றது. மருமகள் என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். சாக்கிலிருந்து தண்ணீர் டைல்ஸில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் மீனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். வாயைத் திறந்தான். சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"மீன் கெட்டுடும்" என்றான்.

கொண்டு போய் மாவஷியிடம் கொடுத்துவிட்டான். அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய மரலா என்று வாயைப் பிளந்து வாங்கிக்கொண்டு போனாள். விராலுக்கு இங்கே அப்படித்தான் பேர்.

மருமகள் பட்டாணி உரித்து முடித்தாள். தொலியை அள்ளினாள். பால்கனிப் பக்கம் குப்பைக் கூடைக்குப் போனவள் அந்த மின்சாரப் பானைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். தழும்பைத் தடவிக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கணக்கு வாத்தியார் மகள் அவள், புரியாமல் இருக்காது. என் பக்கம் திரும்பினாள். ஏதோ சொல்ல வந்தாள்.

"காபி போடட்டுங்களா அத்தை?" என்றாள்.

மறுநாள் மாவஷி ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொஞ்சம் குழம்பு கொண்டு வந்தாள். தேங்காய் வறுத்து அரைத்து, புளிக்குப் பதில் ஆம்சூல் போட்டது. சட்டம் சட்டம்தானே, உள்ளே கொண்டு போகவில்லை. ட்ரை பால்கனியில் வைக்க வேறு இடம் இல்லாமல் அந்தப் பானையின் மூடி மேல் டப்பாவை வைத்து, நின்றபடி சாப்பிட்டேன். முள்ளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டேன். அன்று அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. உள்ளே அவன் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

அடுப்பு இன்னும் பரணில் இருக்கிறது. இறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சட்டியை யார் எடுத்தது என்று இப்போது இந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.